கைக்கு அளவெடுத்த கருவியை விற்பது குறித்து

சென்னையில் வாழும் மருமகப்பிள்ளைக்கு வருசநாட்டிலிருந்து தாய்மாமன் எழுதும் மடல்.  

அளவெடுத்துச் செய்வித்த ஐந்து தந்தி மின்பேஸ் கிட்டாரை விற்க மருமகன் முடிவு செய்திருப்பதும், கொடுத்த பணத்தில் பாதிக்குக்கூட எவரும் கேட்கவில்லை என்று மனம் சலித்திருப்பதும் வீட்டார் வழியே தெரியவந்தன. வாங்க வந்தோரின் கருமித்தனம் இதற்குக் காரணம் அன்று. ஒருவர் கைக்கென்றே உருவான கருவிக்குச் சந்தை விலை என்று ஒன்று இருப்பதில்லை. விற்பவரே அதன் தகுதியைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டி விலையை நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்கான வழிமுறைகளே இம்மடலின் பொருள்.

இசைக்கருவியை விற்பது இசைக்குச் செய்யும் துரோகம் என்று வருந்த வேண்டியதில்லை. உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து 1960களின் இறுதியில் இசையமைப்பாளர் இளையராஜாவும் அவர் அண்ணன் பாஸ்கரும் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் சின்னத்தாய் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பியதை இளையராஜா பலமுறை கூறியிருக்கிறார். ஏழைக் குடும்பத்தில் வானொலிப் பெட்டி எளிதில் கைவிடக்கூடிய பொருள் அன்று. ஆயினும் அந்த விற்பனைக்குத் தெளிவான நோக்கம் இருந்தது. மருமகனும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுவே: கடன் அடைக்கவா, கைக்கு இன்னும் பொருந்தும் வேறு கருவி வாங்கவா, அல்லது வாசிப்பில் ஏற்பட்ட அலுப்பினாலா? முதலிரண்டும் விற்பதற்குத் தகுந்த காரணங்கள். மூன்றாவது பெரும்பாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். விற்ற கருவியோ, அதே அளவில் அதே மரத்தில் மீண்டும் கிடைப்பது அரிது.

விலை ஏன் இறங்குகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே விளக்கம் உண்டு. போடிநாயக்கனூர் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் 8 மி.மீ. பருமன், நிறம், எடை என்று தரம் பிரிக்கப்பட்டு, மாதிரியைப் பார்த்த வியாபாரிகள் விலை கூறுகிறார்கள். யார் தோட்டத்துக் காயாயினும் அன்றைய சராசரி விலை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் கிட்டாரும் அவ்வாறே, மாதிரியின் பெயரையும் செய்த ஆண்டையும் சொன்னவுடன் பழைய விலை இன்னதென்று எவரும் கணிக்கக்கூடிய பண்டம். தனிப்பட்டறையில் ஒரே ஒருமுறை செய்யப்பட்ட கருவிக்கு இத்தகைய ஒப்பீடு இல்லாததால், வாங்குபவர் தம் அச்சத்துக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்கிறார். அந்த அச்சத்தைக் குறைப்பதுதான் விற்பவரின் வேலை.

இக்கருவியின் அமைப்பை வாங்குபவரின் கண்ணோட்டத்தில் பார்ப்பது இங்கு பயன்படும். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், ஆளுயரமுள்ள டபுள் பேஸின் பணியைத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு மாற்றியது. ஃபிரெட் எனும் உலோகக் கட்டைகள் சுருதியைத் துல்லியமாகக் காட்டுவதால் அதற்கு அப்பெயர். கழுத்தின் மேல்முனையிலுள்ள நட்டுக்கும் உடலிலுள்ள பிரிட்ஜுக்கும் இடையே தந்தி அதிரும் நீளமாக அன்று அமைந்த 34 அங்குலம் இன்றும் பொதுவழக்காக நிற்கிறது. ஐந்தாவது தந்தியாகச் சேரும் தாழ்ந்த பி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் அதிர்வதால், அது தளர்ந்து ஒலிக்காமலிருக்கச் சில கைவினைஞர்கள் நீளத்தை 35 அங்குலமாக்குகிறார்கள். குட்டை விரல்காரருக்கு அந்த ஓர் அங்குலமே பெருஞ்சுமை. பிரிட்ஜில் தந்திகளுக்கிடையே 19 மி.மீ. இடைவெளி இருந்தால் கட்டைவிரலால் தட்டி வாசிப்போர்க்கு வசதி, 17 மி.மீ. இருந்தால் இரு விரல்களால் விரைந்து வாசிப்போர் விரும்புவர். எனவே இவ்வளவுகளை முதல் வரியிலேயே எழுதிவைத்தால், பொருந்தாதவர் தாமே விலகிக்கொள்வார்; பொருந்துபவர் நம்பிக்கையோடு அணுகுவார்.

அடுத்தது மதிப்பீடு. செய்வித்த கூலியையும் காத்திருந்த மாதங்களையும் மறந்து, கருவியை உறுப்புகளாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காந்தச் சுருளாகிய பிக்கப், அக்குறியைப் பெருக்கும் பிரீஆம்ப் எனும் மின்சுற்று, பிரிட்ஜ், சுருதிக் குமிழ்கள் ஆகியவை பெயருள்ள நிறுவனங்களின் தயாரிப்பாயின் அவற்றின் பழைய விலை எளிதில் தெரியும். அந்தக் கூட்டுத்தொகையே கீழெல்லை. அதற்குமேல் கிடைப்பது மரத்துக்கும், செய்தவரின் பெயருக்கும், கருவியின் நிலைக்கும் உரியது. கழுத்தும் உடலும் ஒரே நீள்மரத்தால் இணைந்த அமைப்பாயின், கழுத்து முறுக்கிக்கொண்டால் அதை மாற்ற இயலாது. திருகாணியால் பொருத்திய கழுத்தைக் கழற்றி மாற்றலாம். இவ்வேறுபாட்டை விவரமறிந்தவர் கட்டாயம் கேட்பார்.

விற்கும் முன் கருவியைச் சீர்செய்வதில் செலவிடும் சிறுதொகை வீண்போகாது. வருசநாட்டின் வறண்ட காற்றுக்கும் சென்னைக் கடற்கரையின் ஈரக் காற்றுக்கும் இடையே மரம் சுருங்கியும் விரிந்தும் வளைகிறது. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாவது அல்லது எட்டாவது ஃபிரெட்டின் மேல் அதன் இடைவெளியைப் பார்த்தால் கழுத்தின் வளைவு தெரியும்; மெல்லிய அட்டை ஒன்று நுழையும் அளவு இருப்பது இயல்பு. அதற்கு மிகுந்தாலோ முற்றும் இல்லாவிட்டாலோ, கழுத்தினுள் பதித்த ட்ரஸ் ராட் எனும் எஃகுக் கம்பியைக் கால் சுற்றுக்கு மிகாமல் திருப்பி, மரம் நிலைகொள்ள ஒரு நாள் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். பிரீஆம்புக்கு மின்கலம் உள்ள கருவியில் ஜாக்கில் வயர் செருகியிருக்கும் நேரமெல்லாம் 9 வோல்ட் மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும். பார்க்க வருபவர் முன் ஒலி மங்கினால் பழுது மின்கலத்தில் என்றாலும் பழி கருவிமேல் விழும். ஆகவே புதிய மின்கலமும் புதிய தந்திகளும் அன்றைய முதலீடுகள்.

குறைகளை மறைப்பது பெரும்பிழை. பூச்சில் விழுந்த கீறல், தேய்ந்த ஃபிரெட், மாற்றிய பிக்கப் ஆகிய ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து படமெடுத்து விவரத்தோடு சேர்த்தால், மறைக்கப்பட்டது வேறொன்றும் இல்லை என்ற நம்பிக்கை பிறக்கும். செய்தவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பணம் செலுத்திய சீட்டு, வேலை நடந்தபோது எடுத்த படங்கள், வரிசை எண் ஆகியன கருவியின் பிறப்புச் சான்று. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் வயலின் வடிவ பேஸ் 1972இல் லண்டனில் களவுபோய், அது அதே கருவிதான் என்று ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்ட பின்னரே, 2024 பிப்ரவரியில் மீட்புச் செய்தி வெளியிடப்பட்டது. உலகப் புகழ்பெற்ற கருவிக்கே சான்று வேண்டியிருக்க, பெயரறியாப் பட்டறையின் கருவிக்கு அது எவ்வளவு தேவை என்பது சொல்லாமலே விளங்கும்.

மரத்தைக் குறித்து ஒரு தனி எச்சரிக்கை தேவை. விரல்கள் ஓடும் பலகையாகிய ஃபிங்கர்போர்டு, தோதகத்தி அல்லது ஈட்டி என்று இப்பக்கம் வழங்கும் மரத்தாலானதாயின், அதன் வாணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. வருசநாட்டு மலைகளை உள்ளடக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அமைவதற்கு நெடுங்காலம் முன்பே, தோதகத்தி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2017 ஜனவரி முதல் தோதகத்தி இனம் முழுவதையும் தன் பட்டியலில் சேர்த்தது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் பெரும்பாலும் விலக்களித்தது. பிரேசில் நாட்டுத் தோதகத்திக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. உள்நாட்டில் விற்பதற்கு இது தடையாகாது; வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் மரத்தின் பெயரை ஊகத்தால் எழுதாமல் செய்தவரிடமே கேட்டு எழுதுவதும், ஏற்றுமதி விதிகளைச் சுங்க முகவரிடம் முன்கூட்டி விசாரிப்பதும் கடமை.

வாங்குபவரைத் தேடும் இடமும் முக்கியம். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா போன்ற விழாக்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினர் எங்கும் பழுதுபார்க்கக்கூடிய நான்கு தந்திக் கருவியையே விரும்புவர். ஐந்து தந்திக் கருவிக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரிவோரும், தேவாலய இசைக்குழுவினரும், இசைப்பள்ளி ஆசிரியரும் தகுந்தவர். பார்க்க வருபவரை அரைமணி நேரமாவது தடையின்றி வாசிக்கவிட்டு, விற்பவர் வாய்மூடி இருப்பது நல்லது. பணப் பரிமாற்றத்தில் விழிப்பு வேண்டும்: யுபிஐ வழியில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடவோ குறியீட்டை ஸ்கேன் செய்யவோ தேவையில்லை, அப்படிச் செய்யச் சொல்பவர் பணத்தை எடுக்க முயல்கிறார் என்றே பொருள். செலுத்தியதாகக் காட்டும் திரைப்பிடிப்பை நம்பாமல், வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பின்னரே கருவியைக் கொடுக்க வேண்டும். வெளியூருக்கு அனுப்பினால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, மின்கலத்தைக் கழற்றி, கெட்டிப் பெட்டிக்குள் கழுத்தின் கீழும் தலைப்பகுதியின் பின்னும் துணி திணித்து, காப்பீட்டோடு அனுப்புவது முறை. பயணத்தில் பெரும்பாலும் உடைவது கழுத்தும் தலையும் சேரும் இடமே.

இறுதியாக, முதல் நபர் பார்க்க வருமுன் இரண்டு தொகைகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது மருமகனுக்கு நலம்: கேட்கும் விலை ஒன்று, அதற்குக் கீழ் இறங்காத விலை மற்றொன்று. உறுப்புகளின் பழைய விலையைவிடக் குறைவாகக் கேட்பவரிடம் கோபப்படாமல் மறுத்துவிடலாம். இரண்டாவது தொகைக்கு மேல் ஒருவர் கேட்டு, கருவியும் அவர் கைக்குப் பொருந்திவிட்டால், இன்னும் ஆயிரம் கூடுதலாகக் கிடைக்குமா என்று நாளைக் கடத்தாமல் கொடுத்துவிடுவதே அறிவு. செய்வித்த விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே விழும் தொகையை நட்டமாகக் கருதத் தேவையில்லை. தன் கைக்கு எந்த நீளம், எந்த இடைவெளி, எந்த எடை பொருந்தும் என்று அறிந்துகொண்டதற்கான கட்டணம் அது. அடுத்த கருவியை வாங்கும்போது அந்த அறிவு பயன்படும்.

இப்படிக்கு,
நலம் விரும்பும் தாய்மாமன்