வாலில் தமிழ், வயிற்றில் அரபி, தலையில் ஸூலு

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பையன்கள் என்னிடம் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, அவசரத்துக்கு ஒரு நூறு வார்த்தை எழுதித் தாங்க." எங்கள் வீடு திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், சாலைக் கடைத்தெருவை ஒட்டி இருக்கிறது. வளைகுடாவில் கிடங்குக் கணக்கு எழுதினேன். பிறகு தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வேலை பார்த்தேன். அதனால் அரபியும் ஸூலுவும் வாயில் வரும். ஆனால் அந்த நூறு வார்த்தைப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு மொழி தன் இலக்கணத்தைச் சொல்லின் எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். காது அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் வார்த்தைகள் பின்னாலேயே வந்து சேரும்.

நம் காது சொல்லின் வாலைப் பார்த்தே வளர்ந்தது. படிக்கிறான், படிக்கிறாள், படிக்கிறார்கள்: ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மரியாதை உண்டா என்பதெல்லாம் கடைசியில்தான் தெரியும். அரபியிலும் முன்னொட்டு, பின்னொட்டு உண்டு. ஆனால் அதன் உயிர் வயிற்றில் இருக்கிறது. க், த், ப் என்ற மூன்று மெய்கள் சேர்ந்தால் எழுத்து சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. உயிரெழுத்துகளை மாற்றினால் கிதாப் புத்தகம், குதுப் புத்தகங்கள், காதிப் எழுதுபவர். முன்னால் ஒரு 'ம' சேர்த்தால் மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம். ஆகவே அரபிச் சொல் காதில் விழுந்ததும் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். மூன்று மெய்யைப் பொறுக்கி எடுங்கள்.

இது முற்றிலும் புதிய வேலை என்று நினைக்க வேண்டாம். நம் தாலுகா அலுவலகமே அரபி வேர்கள் நிறைந்த இடம். தாசிலும் மகசூலும் ஒரே வேரில் பிறந்தவை. மனு 'தாக்கல்' செய்கிறோமே, அதே வேர்தான் வளைகுடாவில் கட்டடங்களின் நுழைவாயில் பலகையில் 'துஹூல்' என்று நிற்கிறது. வக்கீல், ரத்து, அசல், நகல், ஜில்லா, பாக்கி எல்லாம் பாரசீகம், உருது வழியாக வந்த அரபிச் சொற்களே. பள்ளிக்கூடத்தில் 'ஹாஜர்' சொல்லிப் பழகிய மலையாளப் பிள்ளைகளுக்கும் இந்தச் சொத்து உண்டு. நான் பாடத்தை இவற்றிலிருந்தே தொடங்குவேன். தெரிந்த சொல்லில் வேரைத் தோண்டிக் காட்டினால் தெரியாத சொல்லின் மேல் பயம் போய்விடுகிறது.

ஸூலுவில் எல்லாம் தலையில். 'உம்ஃபானா வாமி உயாஃபுன்டா' என்றால் என் பையன் படிக்கிறான். பையன்கள் பலராகிவிட்டால் 'அபாஃபானா பாமி பாயாஃபுன்டா'. பையன், என், படிக்கிறான் என்ற மூன்று சொல்லும் தலையை மாற்றிக்கொண்டன, உடம்பு அப்படியே இருக்கிறது. பெயர்ச்சொல் எந்த வகுப்போ, அதன் முத்திரை வாக்கியம் முழுக்கத் தொடரும். தமிழ் உயர்திணை, அஃறிணை என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டது. ஸூலுவில் வகுப்புகள் பத்துக்கு மேல். முதல் வகுப்பில் மனிதர்களே என்பது நமக்கு அந்நியமாகத் தோன்றாது. 'அபா' என்ற அந்தத் தலையோடு மனிதரைக் குறிக்கும் 'ன்டு' சேர்ந்தால் மக்கள் என்று பொருள். வில்ஹெல்ம் பிளீக் 1862-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் அந்த மொழிக் குடும்பத்துக்குப் பாண்டு என்று பெயர் வைத்தது இதைக் கொண்டுதான். நம் கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வந்து அப்போது ஆறே ஆண்டு.

இங்கே ஒரு வேடிக்கையான வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன். மலையாளத்தில் அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. வினையில் ஆள் அடையாளம் உதிர்ந்து போய்விட்டது. அதனால் ஸூலுவின் இந்த ஒத்திசைவு மலையாளிப் பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாடு. 'வந்தான், வந்தாள்' என்று பேசி வளர்ந்த தமிழ்ப் பையனுக்கு, 'வாலில் செய்வதைத் தலையில் செய், அவ்வளவுதான்' என்றாலே பிடிபட்டுவிடுகிறது.

அரபி முறையும் ஸூலு முறையும் எப்படி வேறானவை என்று ஒரே சொல்லில் காட்ட நான் சுவாஹிலியைத் துணைக்கு அழைப்பேன். அது ஸூலுவின் உறவு மொழி, அரபிச் சொற்களை அள்ளிக்கொண்ட மொழி. அரபியின் கிதாப் அங்கே போய் கிட்டாபு ஆனது. அரபிக்காரருக்கு அதில் 'கி' வேரின் ஒரு துண்டு. சுவாஹிலிக்காரர் காதுக்கோ அது ஒரு வகுப்பின் தலை. எனவே பன்மை குதுப் அல்ல, விட்டாபு! தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிவிட்டார்கள். ஸூலுவும் இதையே செய்யும். வெள்ளைக்காரனின் ஸ்கூல் இசிகோலே ஆகிப் பன்மையில் இஸிகோலே ஆனது. (இந்த ஸ-வைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும்.)

அகராதியிலும் இது தெரியும். ஹான்ஸ் வேரின் அரபி அகராதியில் மக்தபாவை 'ம'-வில் தேடினால் கிடைக்காது, க-த-ப வேரின் கீழ் இருக்கும். டோக்கும் விலகாஸியும் 1948-இல் வெளியிட்ட ஸூலு அகராதியில் தலையைக் கழற்றிவிட்டு அடிச்சொல்லில் தேட வேண்டும். அகராதி வாங்கும் அன்றே இந்தப் பழக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலிகளைப் பற்றி அதிகம் பயமுறுத்துகிறார்கள். ஸூலுவின் சொடுக்கொலிகள் மூன்றில் ஒன்று நாம் இரக்கப்பட்டு உச்சுக் கொட்டும் ஒலியே. இன்னொன்று கன்னத்தின் பக்கவாட்டில் மாட்டை அதட்டும் ஒலி. அவற்றைத் தனியே எழுப்ப நமக்குத் தெரியும், சொல்லுக்கு நடுவே வைக்கத்தான் பயிற்சி. அரபியில் சைஃப் என்பதை மெல்லிய ச-வில் சொன்னால் வாள், நாக்கின் பின்பகுதியை உயர்த்தித் தடித்த ச-வில் சொன்னால் கோடை. என் அனுபவத்தில் இதற்குத்தான் நாள் பிடிக்கும்.

நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது கலப்பு மொழிகளைப் பற்றி. வளைகுடாவில் 'மாஃபி மாலூம்', 'மாஃபி முஷ்கில்' என்று தொழிலாளர்கள் பேசும் ஓர் உடைந்த அரபி உண்டு. டர்பன் இருக்கும் நட்டாலின் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஃபனகலோ என்ற உடைந்த ஸூலு வழங்கியது. 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் போய் இறங்கிய நம் மக்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அதுவே கைகொடுத்தது. அந்த உழைப்பாளிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஃபனகலோ ஏவுவதற்கென்றே பழகிய மொழி. அதில் பேசினால் ஸூலுக்காரர் பலர் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கலப்பு மொழிகளும் தொலைத்தது எதை என்று பாருங்கள். ஒன்று வயிற்றை, மற்றது தலையை. முதல் மாதத்துக்கு அது போதும், அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

மரியாதை விஷயத்தில் மூன்று மொழியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வருகின்றன. என் தாத்தா ஆறுமுகம். பாட்டி எண்ணும்போது ஆறு என்று சொல்ல மாட்டாள், 'அஞ்சுக்கு அடுத்தது' என்பாள். ஸூலுப் பெண்களுக்கு ஹ்லோனிபா என்ற வழக்கம் உண்டு. மணமான பெண் மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரின் அசை வரும் பிற சொற்களையும் தவிர்த்து வேறு சொல் சொல்லுவாள். சொடுக்கொலிகள் ஸூலுவுக்குள் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். அரபியில் மூத்த மகன் காலித் என்றால் அப்பாவை 'அபூ காலித்' என்று அழைப்பார்கள். மண்டேலாவை மடீபா என்றது ஸூலுவின் தங்கை மொழியான ஹோஸாவில் குலப்பெயரால் விளிக்கும் மரியாதை. ஆகவே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். டர்பனில் ஆண்களுக்குப் பாபா, பெண்களுக்கு மாமா, பாட்டிகளுக்குக் கோகோ. ஒருவரைக் கண்டால் சவுபோனா, கூட்டத்தைக் கண்டால் சனிபோனானி. கேள்வி கேட்கும் முன் இதைச் சொல்லிவிட்டுப் பதில் வரும்வரை நில்லுங்கள்.

கிளம்புவதற்கு முன் கேட்டுப் பழக ஸூலுவுக்கு டர்பனின் உகோஸி எஃப்.எம். இணையத்தில் கிடைக்கிறது. அரபிக்குச் செய்தி அலைவரிசை மட்டும் போதாது. அது எழுத்து அரபி. கடையில் பேசுவது வேறு. நம் மேடைத் தமிழையும் வீட்டுத் தமிழையும் நினைத்துக்கொண்டால் இந்தத் தூரம் புரியும். வளைகுடா நாட்டுத் தொடர்நாடகம் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். முதல் சில நாள் பொருளைத் தேட வேண்டாம். ஸூலு கேட்கும்போது சொற்களின் முதல் அசையை மட்டும் தாளில் குறியுங்கள், அரபி கேட்கும்போது மூன்று மெய்களை.