மூளையை அளக்க ஒரு பொது முழம்

அளவையே அறிவியலின் அடித்தளம். இவ்வுண்மையை நான் முதலில் கற்றது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அன்று; நாகல் நகரில் எங்கள் வீட்டுத் தறியடியில்தான். தாத்தா சேலையை முழம் போட்டு அளப்பார். அவர் முழமும் வாங்க வருபவர் முழமும் ஒத்துவராது. மீட்டர் கோலை வைத்த பிறகே வழக்குத் தீரும்.

சென்ற ஆண்டு பாட்டி என் பெயரையே மறந்துவிட்டார். ஸ்கேன் அறிக்கையில் "வயதுக்கு மீறிய மூளைச் சுருக்கம்" என்றிருந்தது. யாருடைய மூளையோடு ஒப்பிட்டு இப்படிச் சொல்கிறார்கள்? இக்கேள்வியே என்னைப் படிக்கத் தூண்டியது.

இவ்வகை மறதிக்கு முக்கியக் காரணமான நோயை 1906-இல் விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். இந்நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படிகிறது. உயிரோடிருப்பவரின் மூளையிலேயே அப்படிவைப் 'பெட்' படத்தில் காட்டும் முறையை 2004-இல் பிட்ஸ்பர்க் அறிஞர்கள் வெளியிட்டனர். சிறிது கதிரியக்கமுள்ள மருந்தை ஊசிமூலம் செலுத்துவர். அது படிவில் ஒட்டும். பெருமூளைப் புறணியில் தங்கிய அளவைச் சிறுமூளையில் உள்ள அளவால் வகுத்து ஒரு விகிதம் காண்பர்.

பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. ஒரு மருந்தில் 2 என வரும் விகிதம் மற்றொன்றில் 1.5-ஐ ஒட்டி வரும். மூளை ஒன்றே, முழம் வேறு. இக்குழப்பம் தீர 2015-இல் கிளங்க் என்பாரும் அவர் குழுவினரும் 'சென்டிலாய்டு' அளவுகோலை வகுத்தனர். நோயற்ற இளையோரின் சராசரி 0. அல்சைமர் நோயாளரின் சராசரி 100. பனிக்கட்டி உருகும் நிலையையும் நீர் கொதிக்கும் நிலையையும் வைத்து வெப்பமானி அமைப்பது போன்றதே இது. இரண்டும் சராசரிகளாதலால் 0-க்குக் கீழும் 100-க்கு மேலும் அளவு வரலாம். 2023-இல் வெளியான டோனனெமாப் மருந்தாய்வில், 24.1-க்குக் கீழ் இறங்கினால் படிவு நீங்கியதாகக் கொண்டனர்.

ஆனால் அளக்குமுன் ஒவ்வொருவர் படத்தையும் ஒரு மாதிரி மூளையின்மேல் பொருத்த வேண்டும். பெரிதும் வழங்கும் மாதிரி, கனடாவின் மான்ட்ரியலில் 152 பேரின் படங்களைச் சேர்த்து ஆக்கியது. 2019-இல் ஐதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 100 இந்தியரின் படங்களால் ஒரு மாதிரியை உருவாக்கியது. மேலைநாட்டினரைவிட நம் மூளை சராசரியில் சற்றுச் சிறியது என அது காட்டிற்று. இது அறிவின் அளவன்று, உருவத்தின் அளவே. எனினும் அந்த 100 பேரும் 21 முதல் 30 வயதினர். என் பாட்டிக்கு அது நேரே பொருந்தாது.

பாட்டியின் மருத்துவரிடம் கேட்டேன். "படம் ஒரு சாட்சிதான் தம்பி, தீர்ப்பு அன்று" என்றார். படிவு இருந்தும் நினைவு குன்றாத முதியோர் உண்டு. தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும். ஆகவே நினைவுச் சோதனையும் இரத்தச் சோதனையும் இன்றியமையாதவை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அளவுகோல் உலகுக்குப் பொதுவாக இருக்கட்டும். அதை வகுப்பதில் நம் முதியோரும் இடம்பெற வேண்டும். அப்பணிக்கு நம் கல்லூரியிலிருந்தும் சிலர் செல்வார்களாக!