லர்ச்சர் என்னும் வேட்டை நாய்

விரைந்து ஓடும் நாயே சிறந்த வேட்டை நாய் என்பது பலருடைய எண்ணம். முயலைப் பிடிக்க வேண்டுமாயின் முயலினும் விரைவாக ஓடுதல் வேண்டும். இதில் ஐயம் என்ன என்று அவர்கள் கேட்பர். ஆயினும் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் மக்கள், நாய்களுள் மிக விரைந்தோடும் கிரேஹவுண்டு தம் நாட்டிலேயே இருந்தும், அதனை அவ்வாறே கொள்ளாது, வேறு நாய்களோடு கலந்து புதியதொரு வேட்டை நாயை உண்டாக்கிக்கொண்டனர். அதன் பெயர் லர்ச்சர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர் என்று ஆராய்ந்தால், வேட்டை நாய்க்கு வேண்டும் பண்புகள் யாவை என்பது விளங்கும். அந்நாட்டு ஏழை மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியும் உடன் விளங்கும்.

லர்ச்சர் என்பது ஒரு தனி இனம் அன்று. அதன் பெற்றோருள் ஒன்று, கண்ணால் கண்டு துரத்தும் நாயாக இருக்கும். கிரேஹவுண்டு, விப்பெட்டு, சலூக்கி, டீர்ஹவுண்டு என்பன அவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, ஆடு மேய்க்கும் கோலியாகவோ, வளைகளில் புகுந்து வேட்டையாடும் டெரியராகவோ இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்று வழவழப்பான மயிரும் மற்றொன்று சடைமயிரும் உடையனவாக இருத்தல் உண்டு. நிறமும் உயரமும் வேறுபடும். நாய்க் கண்காட்சிகளில் ஒவ்வோர் இனத்திற்கும் இவ்வளவு உயரம், இந்த நிறம், இந்தச் செவியமைப்பு என்று இலக்கணம் வகுத்திருப்பர். லர்ச்சருக்கு அத்தகைய இலக்கணம் இல்லை. வேலை செய்யுமா என்பதே அதற்கு இடும் சோதனை. நம் தென்மாவட்டங்களில் உள்ள சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்களும் கண்ணால் கண்டு துரத்துவனவே. ஆனால் அவை கலப்பின்றிப் போற்றப்படுபவை. லர்ச்சருக்கோ கலப்பே சிறப்பு.

இனி, கிரேஹவுண்டிடம் இருந்த குறைதான் யாது? அதன் உடல் ஓடுவதற்கென்றே அமைந்தது. ஆழ்ந்த மார்புக்கூடு, அதனுள்ளே பெரிய இதயம், ஒட்டிய வயிறு, வில்லைப் போல வளைந்து நிமிரும் முதுகு, திரும்பும்போது உடலை நிலைநிறுத்த உதவும் நீண்ட வால். அது பாய்ந்தோடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் நிலத்தைத் தொடாமல் நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவு அதற்கு எளிது. ஆனால் அவ்விரைவு சிறிது நேரத்திற்கே உரியது. பந்தயத் திடலில் 480 மீட்டர்த் தொலைவை ஏறத்தாழ 30 நொடியில் ஓடி முடித்ததும் அதன் வேலை முடிந்துவிடும். இரவு முழுதும் வயல்வெளிகளில் நடந்து, பத்து முறை ஓடி, பனியில் நனைந்து, விடியலில் வீடு திரும்புதல் அதற்கு அரிது. அதன் தோல் மெல்லியது. முள்வேலியில் எளிதில் கிழியும். மயிர் குறைவு, குளிர் தாங்காது. எல்லாவற்றினும் பெரிய குறை, முயலைக் கண்டுவிட்டால் தலைவன் குரல் அதன் செவியில் ஏறாமையே.

மேய்ப்பு நாயோ இதற்கு நேர்மாறானது. மலைச்சரிவில் நெடுந்தொலைவிற்கு அப்பால் நின்றாலும் ஒரு சீழ்க்கை ஒலிக்குத் திரும்பும். நாள் முழுதும் உழைக்கும். அதன் பாதம் உறுதியானது. அடர்ந்த மயிர் மழையையும் பனியையும் தாங்கும். இவ்விரண்டும் ஓருடலில் சேர்ந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணியவர்கள் கற்றறிந்த அறிஞர் அல்லர். பசித்திருந்த கூலியாட்களும், ஊர் ஊராகச் செல்லும் நாடோடி மக்களுமே ஆவர்.

பசிக்கும் நாய்க்கும் இடையே சட்டம் எவ்வாறு நுழைந்தது என்பதை இங்கே சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பண்டை நாளில் இங்கிலாந்தின் பெருங்காடுகள் பல அரசனுக்கே உரியனவாக இருந்தன. அக்காட்டெல்லையில் வாழ்ந்தோர் தம் வீட்டைக் காக்கப் பெரிய நாய்களை வளர்த்தால், அவற்றின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடுவர். அரசனுடைய மானை அவை ஓடிப் பிடித்தல் கூடாதன்றோ! 1217-ஆம் ஆண்டில் வெளியான காட்டுரிமைப் பட்டயம் மக்களுக்குப் பல நன்மைகள் செய்தது. எனினும், இவ்வழக்கத்தை அது ஒழிக்கவில்லை. எந்த அளவிற்கு வெட்டலாம் என்று வரையறுத்ததோடு அமைந்தது. பின்னர் 1389-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாயுள்ள நிலமில்லாத குடிமகன் எவனும் வேட்டை நாய் வைத்திருத்தல் ஆகாது என்றது. 1671-ஆம் ஆண்டுச் சட்டமோ அதனினும் கடுமையானது. தகுதியில்லாதவர் வீட்டில் புகுந்து சோதிக்கவும், துப்பாக்கி, வலை, கிரேஹவுண்டு முதலியவற்றைப் பறித்துக்கொள்ளவும் அது காவலர்க்கு அதிகாரம் அளித்தது. அவ்வாறு பறிக்கத்தக்க பொருள்களின் வரிசையில் லர்ச்சர் என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் ஊர்ப் பொது நிலங்கள் வேலியிடப்பட்டுப் பெருநிலக்கிழார் கைக்குச் சென்றன. ஒரு பசுவையேனும் மேய்க்க இடமின்றிக் கூலியாள் தவித்தான். வேலிக்கு அப்பால் முயல்கள் துள்ளித் திரிந்தன. வேலிக்கு இப்பால் அவன் பிள்ளைகள் பசித்திருந்தனர். 1828-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இரவு வேட்டைத் தடைச் சட்டத்தின்படி, மூன்றாம் முறை பிடிபட்டவனை ஏழாண்டுக் காலம் நாடு கடத்தவும் கூடும். களவு வேட்டை நல்லது என்று இங்கே கூறவில்லை. களவு வேட்டைக்காரருள் பசியால் சென்றவரும் இருந்தனர். பணத்திற்காகக் கூட்டமாகச் சென்று காவலரைத் தாக்கிய கொடியவரும் இருந்தனர். ஆயினும், ஒரு குரைப்பொலி கேட்டால் குடும்பத்தைப் பிரிந்து கடல் கடந்து போக நேரும் என்ற நிலையில் இருந்தவன், எத்தகைய நாயை விரும்பியிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அவன் விருப்பமே லர்ச்சரின் இயல்பாயிற்று.

அவ்வியல்பை நேரில் அறிந்து எழுதியவர் தாமஸ் பியூயிக்கு என்னும் மரச்செதுக்கு ஓவியர். 1790-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விலங்குகளின் வரலாற்று நூலில் லர்ச்சரின் படமும் குறிப்பும் உள்ளன. கிரேஹவுண்டினும் சிறிய உருவம், தடித்த கால்கள், முரட்டு மயிர், சிடுசிடுத்த தோற்றம் உடையது என்று அதனை அவர் கூறுகிறார். முயல்கள் மேயும் இடத்திற்கு அது ஓசையின்றி நழுவிச் செல்லுமாம், மோப்பம் பிடித்துக் காத்திருக்குமாம், குரைக்காமல் பாயுமாம். ஒரு நாய் தான் பிடித்ததைத் தொலைவில் மறைந்திருந்த தலைவனிடம் கொண்டு சேர்க்கப் பழகியிருந்தது என்றும் குறித்துள்ளார்.

குரைக்காமை, மோப்பம், கொண்டுவந்து சேர்த்தல் ஆகிய இம்மூன்றும் இன்றும் நல்ல லர்ச்சருக்கு இன்றியமையாதன. குரைத்துக்கொண்டே துரத்தும் நாயை வளர்ப்போர் குறையுடையது என்று தள்ளுவர். பிடித்த குழிமுயலைக் கிழித்துவிடாமல், மென்மையாகக் கவ்வி, உயிருடனேயே கையில் தருவது மிக உயர்ந்த நாய். இடையிலே ஆட்டு மந்தை வந்தால் அதனைத் திரும்பியும் பாராமல் செல்லுதல் வேண்டும். ஆட்டைத் துரத்தும் நாய் எவ்வளவு விரைவுடையதாயினும் பயனற்றது. அதனைச் சுட்டுவிடவும் உழவர்க்கு இடமுண்டு.

இவற்றோடு அறிவும் வேண்டும். இங்கிலாந்தில் முயல் இருவகை. குழிமுயல் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. காட்டுமுயல் திறந்த வெளியில் தனித்து வாழ்வது. காட்டுமுயல் ஓடும்போது, நாய் நெருங்கிய நொடியிலே சட்டென்று பக்கவாட்டில் திரும்பும். விரைவை மட்டும் நம்பிய நாய் நேரே பல அடி முன்னே சென்றுவிடும். திரும்பி வருவதற்குள் முயல் மீண்டும் முந்திவிடும். பழகிய லர்ச்சர் முழு விரைவையும் காட்டாது, சற்றுப் பின்னே தொடர்ந்து, முயல் எப்பக்கம் திரும்பும் என்று கருதி அப்பக்கம் குறுக்கே செல்லும். வயலின் வாயிற்கதவருகே வலை கட்டிவிட்டு, வேட்டைக்காரன் நாயை மட்டும் அனுப்புவதும் உண்டு. அது வேலியோரமாக மறுகோடிக்குச் சென்று, முயலை எழுப்பி, வலையிருக்கும் பக்கமாகவே விரட்டும். அங்கே நாய் முயலைப் பிடிக்கவும் வேண்டுவதில்லை.

குழிமுயல் வேட்டையில் இப்பொறுமை இன்னும் நன்றாகப் புலப்படும். கீரியைப் போல மெலிந்து நீண்ட உடலுடைய ஃபெரட் என்னும் வளர்ப்பு விலங்கை வளைக்குள் விடுவர். வளைவாய்களில் சிறு வலைகளை விரித்திருப்பர். எந்த வளையில் முயல் உண்டு என்று முதலில் கூறவேண்டியது நாய். மோந்து பார்த்து, வெற்று வளைகளைக் கடந்து, முயலுள்ள வளையருகே அசையாது நின்று அது தெரிவிக்கும். அதன் பின்னர் ஓர் ஒலியும் இன்றி நிற்றல் வேண்டும். மேலே காலடி கேட்டால் முயல் வெளியே வாராது. வலையில் விழுந்த முயலை நாய் தொடுவதில்லை. வலைக்குத் தப்பி ஓடுவதே அதன் பங்கு. ஓடுவதற்கென்று பிறந்த உடல், ஓடாமல் அரை மணி நேரம் நிற்கக் கற்றிருத்தலைக் காண்பது வியப்பேயாகும்.

இக்கல்வி விரைவில் வருவதன்று. குட்டிப் பருவத்தில் பெயர் சொல்லி அழைத்தால் வருதல், அமர்தல், எறிந்த பொருளைக் கொணர்தல் ஆகியவற்றை விளையாட்டாகவே பழக்குவர். எலும்பு முற்றாத குட்டியை முயலின் பின் ஓட விட்டால் மூட்டுகள் கெடும். ஆதலால் ஓராண்டேனும் பொறுப்பர். பிடிக்க இயலாத முயலை மீண்டும் மீண்டும் துரத்தித் தோற்ற இளநாய் ஏக்கத்தால் குரைக்கத் தொடங்கும் என்பதும் வளர்ப்போர் துணிபு. அவசரப்பட்ட தலைவன் கெடுத்த நாய்கள் பல.

காலம் மாறிற்று. 1880-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உழவனுக்குத் தன் வயலில் முயல் பிடிக்கும் உரிமையை அளித்தது. 1953-ஆம் ஆண்டில் மிக்சோமடோசிஸ் என்னும் கொள்ளைநோய் பரவிச் சில ஆண்டுகளில் குழிமுயல்களுள் பெரும்பாலானவற்றை அழித்தது. அவை பின்னர் மெல்லப் பெருகின. நாயைக் கொண்டு காட்டு விலங்குகளை வேட்டையாடுதலை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2005 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பயிரை அழிக்கும் குழிமுயலுக்கும் எலிக்கும், நிலத்துக்குரியவரின் இசைவு இருப்பின், விலக்கு உண்டு. சட்டத்திற்குப் புறம்பாகக் காட்டுமுயலைத் துரத்தவிட்டுப் பந்தயம் கட்டுவோர் இன்றும் உளர். அத்தகையோர் நாய் வைத்திருத்தலையே தடைசெய்ய நீதிமன்றங்களுக்கு 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் அளித்துள்ளது. அன்றைய தடை நிலமில்லாதவன்மேல் விழுந்தது. இன்றைய தடை குற்றம் செய்தவன்மேல் விழுகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருத்தலை மாணவர் அறிவர்.

வேலை குறைந்தமையால் கைவிடப்படும் லர்ச்சர்களும் பல. அந்நாட்டு நாய்க் காப்பகங்களில் அவற்றை மிகுதியாகக் காணலாம். வீட்டினுள் அவை அமைதியானவை. மெத்தை கிடைத்தால் பகல் முழுதும் உறங்கும். எனினும் ஒன்றை வளர்க்க விரும்பி வருவோரிடம் காப்பகத்தார் சில கேள்விகளைக் கேட்ட பின்னரே நாயைக் கொடுப்பர். தோட்டத்து வேலி எவ்வளவு உயரம் என்பது ஒன்று. வீட்டில் பூனை உண்டா என்பது மற்றொன்று.