ஆகாரத்தைப் பற்றி நாம் ஏன் படிக்க வேண்டும்?



"பெற்ற தாய்க்குச் சமைக்கக் கற்றுத்தர வேண்டுமா? பசித்த பிள்ளைக்குச் சோறு போடப் பாடம் எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். பிள்ளையின் வாடிய முகத்தைக் கண்டு பொறாத நெஞ்சு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்று வந்ததல்ல. ஆனால் அந்த அன்பு மட்டும் போதுமா? நமக்கு வடக்கே நடந்த ஒரு சரித்திரத்தைக் கேளுங்கள்.

பழைய சென்னை மாகாணத்தில், கோதாவரி, கிருஷ்ணா முதலிய கரையோர ஜில்லாக்களில் பெரிபெரி என்னும் நோய் வெகுகாலம் குடிகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இருதயம் தளரும். தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களும் இந்நோயால் திடீரென மாண்டன. வயிறு நிறையச் சோறு உண்டவர்களையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை என்பதே வியப்பு.

காரணம் என்ன? ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர் 1890-களில் கோழிகளைக் கவனித்தார். தவிடு நீக்கிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன; தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் எழுந்து நடந்தன. 1929-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில், குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் 1918-ல் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறையே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவானது இதுதான்: தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தாலோ, அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. வடக்கே தீட்டிய பச்சரிசி உண்டார்கள், நோய் வந்தது. தமிழ் ஜில்லாக்களில் பெரும்பாலோர் புழுங்கலரிசி உண்டார்கள்; அந்நோய் அரிதாயிற்று.

சற்றே யோசியுங்கள். சிசுவை இழந்த அந்தத் தாய்மாருக்கு அன்பில் என்ன குறை? அவர்கள் பாலில் குறைந்தது ஒரு சிறு சத்து. அதை அறிந்து சொல்ல அந்நாளில் ஒருவரும் இல்லை. நாம் ஆகாரத்தைப் பற்றிப் படிக்க வேண்டியதன் முதற்காரணம் இதுவே: நம் கையால் உண்பவர்கள், நாம் அறியாததற்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், வழக்கம் மாறுவது. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. நெல்லை அவித்தார்கள், கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார்கள், முருங்கைக் கீரை பறித்தார்கள். காரணம் அறியாமலே காக்கப்பட்டார்கள். இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்குக் கைக்கெட்டுவது பரோட்டாவும், இனிப்பான தேநீரும், பிஸ்கட்டுமே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. இதை அறியாதவர், கூழை விட்டபோது எதை விட்டோம் என்றும் அறியமாட்டார். அறிந்தவரோ, கூழ் காய்ச்ச நேரமில்லாவிட்டால் கேழ்வரகு அடையோ மோரோ கொண்டு அக்குறையை ஈடுசெய்வார்.

இது சிறு விஷயமல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. இரண்டு பேரில் ஒருவர்! நம் வீடுகளும் இக்கணக்கில் அடங்கியவையே.

மூன்றாவது காரணம், விளம்பரம். பொட்டலத்தின் முன்பக்கம் விற்பவர் பேசுகிறார். பின்பக்கம் சட்டம் பேசுகிறது. சேர்க்கப்பட்ட பொருள்களை, எடை அதிகமானதை முதலில் வைத்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. "பிள்ளைகளுக்குப் பலம் தரும்" என்ற மாவில் சர்க்கரை முதலிடத்திலோ இரண்டாமிடத்திலோ நின்றால், வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

"பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு போடுகிறார்களே" என்பீர்கள். உண்மைதான். காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022-ல் காலை உணவும் தொடங்கிற்று. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அக்காலை உணவு விரிவாக்கப்பட்டது 2024 ஜூலை 15-ல், நமது திருவள்ளூர் ஜில்லாவிலேயே, கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில். மகிழத்தக்க காரியம். ஆயினும் இரவுச் சாப்பாடும், விடுமுறை நாட்களும், பள்ளி செல்லாத கைக்குழந்தையும், ஆலைக்குப் போகும் தகப்பனாரும் நம் பொறுப்பில்தானே இருக்கிறார்கள்?

வைத்தியர் எச்சரித்த பிறகு ஆகாரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர் பலர். அதுவும் நல்லதே, ஆனால் நோய் வருமுன் படித்தவருக்குச் செலவு குறைவு, துக்கமும் குறைவு. இதற்குப் பெரிய படிப்பும் வேண்டியதில்லை. அங்கன்வாடி ஊழியரிடமும், கிராமச் சுகாதார செவிலியரிடமும் கூச்சமின்றிக் கேளுங்கள். இவ்வாரம் வீட்டார் அனைவரும், ஆண்மக்களும்கூட, கூடி உட்கார்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

1. ஒரு வாரம் உண்டதை ஒரு தாளில் எழுதுங்கள். கீரை எத்தனை நாள்? பருப்பு, முட்டை, மீன் எத்தனை நாள்?

2. சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அச்சத்து நன்கு சேரும்.

3. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தாயாகவே இருக்கும். அடுத்த வேளை முதல் அவருக்குரிய பங்கை முன்னதாகவே எடுத்து வையுங்கள்.