விண்ணப்பம் நிலுவையிலிருக்க வெளியேற்றலாமோ?

பொது மன்னிப்பை வேண்டி விண்ணப்பித்த அந்நியரை, அவ்விண்ணப்பம் தீர்மானமாகுமுன்னரே நாடு கடத்தலாமோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ரீகன் என்பார் ஜனாதிபதியாயிருந்தபோது, 1986-ம் வருஷம் நவம்பர் மாதம் 6-ந் தேதி நிறைவேறிய குடியேற்றச் சட்டம் இவ்வினாவிற்கு விடை பகர்ந்தது.

அநுமதியின்றி வந்து, 1982 ஜனவரி முதல் தேதிக்கு முன்னிருந்தே இடையறாது வசித்தோர் மன்னிப்புக் கோரலாம் என்பது அதன் விதி. ஆயினும் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியதோ 1987 மே 5-ந் தேதி. இடைப்பட்ட ஆறு மாதத்திற் பிடிபட்டோர் கதி யாது? தகுதியுடையாரென முதற்பார்வைக்குப் புலப்படுமளவு சான்று காட்டின், அவரை வெளியேற்றலாகாது. வேலை செய்யவும் அநுமதி தரல் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பின்னரோ, அது வெறும் போலியாயிருந்தாலன்றி, முடிவான தீர்ப்பு வரும் வரையில் அதே காப்பு நீடிக்கும்.

நிற்க. இதிற் கண்ணி ஒன்றும் உண்டு. ஏனையோர்க்கு 1988 மே 4 வரை ஓராண்டுத் தவணை. வெளியேற்ற வழக்கின் அறிவிப்புக்கு ஆளானவர்க்கோ பெரும்பாலும் 30 நாளே. ஐந்தாண்டிற்கு மேற்பட்ட வாசத்தை மெய்ப்பிக்க வாடகைச் சீட்டும் கூலிச் சீட்டும் வேண்டும். ஒளிந்து வாழ்ந்தவரிடம் அவை ஏது? விலாசம் எழுதிக்கொடுக்கவே நடுங்குவாரும் இருந்தனர். அவர்பொருட்டு, விண்ணப்பத்திற் கூறியதைக் கொண்டே அவரை வெளியேற்ற முயலலாகாதென்றும் விதித்தனர். இவ்விதி இல்லையேல் எவர்தாம் துணிந்து வந்திருப்பர்?