மீனம்பாக்கத்தைக் கட்டும் தம்பிக்கு



கோவிலம்பாக்கத்து வீட்டில் இருந்தபடி, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-க்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சீனரியாகச் செய்யத் தொடங்கியிருக்கிறாய். எடுத்த எடுப்பில் 2023 ஏப்ரலில் திறந்த புது டெர்மினலை வரையப் போகாதே. எந்த ஆண்டின் மீனம்பாக்கம் என்பதை முதலில் முடிவு செய். என்னைக் கேட்டால், 2003. அந்த சிமுலேட்டர் கடைக்கு வந்த ஆண்டு அது. அதற்குத் தெரிந்த உலகமும் அதோடு நின்றுபோனது.

இரண்டாவது ஓடுபாதையையே எடுத்துக்கொள். 12/30 இன்று அடையாற்றைப் பாலத்தின் மேல் தாண்டுகிறது. 2003-இல் அந்த நீட்டிப்பு கிடையாது; ஆற்றுக்கு இப்பாலேயே ஓடுபாதை முடிந்துவிடும். அந்தப் பழைய மென்பொருளில் ஓடுபாதை தரையோடு ஒட்டித்தான் கிடக்கும். அதன் அடியில் ஆறு ஓட வேண்டுமானால் ஒட்டுவேலைதான். எவ்வளவு பாடுபட்டாலும் இறங்கி வரும்போது பாலம் மினுமினுத்துக் காட்டிக்கொடுக்கும். ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தலைவலியே இல்லை. நிறுத்துமிடத்திலும் இதே கணக்கு. 2006-இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோவை அங்கே நிறுத்தினால் மற்ற உழைப்பெல்லாம் வீண். நிற்க வேண்டியவை இந்தியன் ஏர்லைன்ஸும் ஜெட் ஏர்வேஸும் சஹாராவும். 2016-இல் வந்த மெட்ரோவும் வேண்டாம்.

இப்படி மிச்சமாகும் உழைப்பைக் குன்றுகளில் போடு. சிமுலேட்டரோடு வரும் நில உயரத் தரவு பல இடங்களில் ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. பரங்கிமலையும் திரிசூலம் மலையும் அதில் கரைந்துபோகும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் எடுத்த ரேடார் அளவீடு 90 மீட்டருக்கு ஒரு புள்ளி தருகிறது, இலவசமாக. அதைப் போட்டதும் ஜன்னல் வழியே மலை எழும்பும். விமானிக்குச் சென்னையை அடையாளம் காட்டுவது அந்த மலைதான், டெர்மினல் தூண்கள் இல்லை. (தூண்களை எண்ணிப் பார்ப்பவர்கள் தரையிலேயே இருப்பவர்கள்.) உன் ஊரையும் இன்றைய அடுக்குமாடிகளால் நிரப்பிவிடாதே. ஏரிகளுக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் அன்று இருந்த அகலத்தைக் கொடு.

‘எல்லாரும் இன்றைய நிலையத்தைத்தானே கேட்பார்கள்?’ என்பாய். கேட்பார்கள். ஆனால் 2020-இல் வந்த புது சிமுலேட்டர் செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு, சமகாலச் சென்னையை உன்னைவிட நன்றாகவே காட்டும். அதோடு போட்டி போட்டால் தோற்பது நீதான். அதனிடம் இல்லாதது இருபது வருடத்துக்கு முந்தைய சென்னை.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. கூகுள் எர்த்தில் ஆண்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்; கட்டடங்களின் இடமும் அளவும் ஓரளவு பிடிபடும். முகப்புக்கு, வழியனுப்பப் போன குடும்பங்களின் ஆல்பங்களைத் தேடு. பின்னணியில் பெயர்ப்பலகையும் தூணும் வண்ணமும் இருக்கும். ஒரே படத்தை நம்பாதே, தேதி தவறாக எழுதியிருக்கலாம். எதுவும் கிடைக்காத பக்கத்தை வெற்றுச் சுவராகவே விடு. ஊகித்து ஒட்டிய விளம்பரப் பலகையைவிட அது நேர்மையானது. குறை சொல்பவர்கள் சொல்லட்டும். அவர்களில் ஒருவரிடம் நீ தேடும் படமே இருக்கலாம்.

வெளியிடும்போது கோப்பின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்துவிடு: ‘சென்னை 2003’. எந்தச் சுவர் படத்தைப் பார்த்துச் செய்தது, எது ஊகம் என்பதைக் கூடவே ஒரு குறிப்பாக எழுதி வை.