கொய்யாவைத் திருப்பிக் கொடு

அன்புத் தங்கைக்கு,

அடுத்த வாரம் குடல்நோய்ப் பிரிவில் உணவு ஆலோசனைக்கு உட்காரப் போகிறேன் என்று சொன்னாய். அங்கே நீ அடிக்கடி பார்க்கப்போகும் ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வேறு எதற்காகவோ கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவரின் அறிக்கையில் ‘டைவர்டிகுலோசிஸ்’ என்று ஒரு வரி இருக்கும். ரத்தக்குழாய்கள் நுழையும் இடங்களில் பெருங்குடல் சுவர் பலவீனமாக இருக்கும்; அங்கே உள்சவ்வு பிதுங்கிச் சிறு சிறு பைகளாகிவிடும். பெரும்பாலோருக்கு அவை ஆயுசுக்கும் ஒரு தொந்தரவும் தருவதில்லை. அழற்சி வந்து வலியும் காய்ச்சலும் கண்டால்தான் டைவர்டிகுலைட்டிஸ். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துப் பயந்து வருகிறவர் உன்னிடம் முதலில் கேட்பது, “என்ன சாப்பிடக் கூடாது?”

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்குப் பதில் தயாராக இருந்தது. விதை கூடாது, கடலை கூடாது, சோளப்பொரி கூடாது. பைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்றோம். நம்பும்படியாகத்தான் இருந்தது, சான்றுதான் இல்லை. அப்படி ஓர் அம்மாவுக்கு நான் என் கைப்படவே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பல வருஷம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் மருமகள் ரசத்துக்குத் தக்காளியை வேகவைத்து மசித்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். துணியில் ஒட்டிய விதைகளை விரலால் வழித்து எறிந்தாள். “நீங்க சொன்னதுதாம்மா, ஒரு விதைகூட உள்ள போக விடறதில்ல” என்றார் அந்த அம்மா, பெருமையாக. கொல்லையில் கொய்யா காய்த்துத் தொங்கியது. அவர் அதை வாயில் வைத்து ஒன்பது வருஷமாகியிருந்தது.

அதற்கு முன்பே, 2008-இல், லிசா ஸ்ட்ரேட் குழுவினரின் ஆய்வு வந்துவிட்டது. அமெரிக்காவில் 47,228 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்தார்கள். கொட்டைப் பருப்புகளும் சோளப்பொரியும் அதிகம் தின்றவர்களுக்கு அழற்சி கூடவில்லை, குறைவாகவே இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். புதிதாக வந்தவர்களுக்குச் சீட்டை மாற்றியும் எழுதினேன். பழையவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தவறுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

நார்ச்சத்தின் கதையும் இப்படிப் புரண்டதுதான். ஒரு காலத்தில் சக்கை குறைந்த உணவே மருந்து என்றார்கள். 1971-இல் பெயின்டரும், உகாண்டாவில் வேலை பார்த்த பர்கிட்டும், நார்ச்சத்துக் குறைவால் வரும் நோய் இது என்று எழுதினார்கள். அதன்பின் தவிடே மருந்தானது. 2012-இல் ஆன் பீரி குழுவினர் கொலோனோஸ்கோப்பி செய்த 2,104 பேரைப் பார்த்தபோது, நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. அதற்காக நார்ச்சத்தைக் கைவிடாதே. இருக்கிற பைகளை அது மறையச் செய்யாது. ஆனால் அழற்சி வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கீரை, முழுப்பயறு, கேழ்வரகு, தோலோடு பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல். தண்ணீரும் கூட வேண்டும். புகையை விடச் சொல். அழற்சி இருக்கும் நாட்களில் மட்டும் டாக்டர் சொல்கிறபடி கஞ்சி, நீராகாரம்.

எதைச் சொன்னாலும், அது எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்துச் சொல். ‘கூடாது’ என்று எழுதுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசி. டாக்டர் மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நின்றுவிடும். நாம் நிறுத்திய பழம் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழையப் பல வருஷம் ஆகும். பழைய சீட்டோடு யாராவது வந்தால், “நாங்க சொன்னது தப்பு, இனிமே சாப்பிடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிடு.

நீ உட்காரப்போகும் அறையின் சுவரில் அந்தப் பழைய பட்டியல் இன்னும் ஒட்டியிருந்தால், முதல் நாளே கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா